கட்டிலிலிருந்து ஏரிக்கரைக்கு

என் கணவருக்கு மார்வலி வந்தது யுத்த காலத்தில். அப்போது நாங்கள் அல்சூரில் குடியிருந்தோம். அவர் கண்டோன்மெண்டில் குமாஸ்தா. காலையில் வாசலுக்கே ஜட்கா வந்துவிடும். ஆபீசில் பைலை பியூன் எடுத்துக் கொடுப்பான். வீட்டில் தண்ணீர்ச் செம்பைக்கூட நான்தான் நீட்டுவேன். அசையாமலே உடம்பு பருத்துவிட்டது.

வலி வந்த பிறகு வாரக்கணக்கில் படுக்கை. தனியாகப் புரண்டு படுக்கக்கூட நான் விடவில்லை. பகலில் கண்ணயர்ந்தால் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன்.

ஒருநாள் டாக்டர் வந்து பார்த்தார். கன்னடக்காரர், எங்களோடு தமிழில் பேசுவார்.

"சாக்கும்மா, படுத்தது போதும். எழுப்பி விடுங்க. கசரத்து, தண்டால் எல்லாம் வேணாம். வீட்டு வேலைய சொல்ப சொல்ப, கொஞ்சம் கொஞ்சமா செய்யட்டும். கடைக்கு நடந்து போகட்டும்."

"மறுபடி வந்துட்டா டாக்டர்?"

"படுத்தே கிடந்தாலும் வரலாம்மா."

அந்தப் பதில் என்னை இன்னும் கலக்கிவிட்டது.

முதலில் தன் படுக்கையைத் தானே சுருட்டினார். பிறகு ரோஜாச் செடிகளுக்குச் செம்பில் தண்ணீர் ஊற்றினார். நடை பழகும் குழந்தைக்குப் பின்னால் நிற்பதுபோல் கைகளை நீட்டிக்கொண்டு நான் நிற்பேன். கொஞ்சம் மூச்சு வாங்கினாலும் செம்பைப் பிடுங்குவேன். "சீக்காளிய வேலை வாங்கறா" என்று பக்கத்து வீட்டில் பேசினார்கள். அது என் காதில் ஏறவேயில்லை.

அப்புறம் ஏரிக்கரை வரை தனியாகப் போகிறேன் என்றார்.

"நானும் வரேங்க."

"நீ பின்னாலயே வந்தா எனக்கு என்னமோ ஆகப்போகுதுன்னே தோணுது. விடு."

விட்டேன். பனி மூடிய காலை. உலையில் சோறு வெந்துகொண்டிருந்தது. திரும்பும் நேரம் தாண்டியும் அவரைக் காணோம். அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் ஓடியதே இல்லை. புடவை காலைத் தட்டியது. வழியில் ஒரு கும்பல் நின்றிருந்தது. யாரோ விழுந்து கிடக்கிறார் என்றே நினைத்து உள்ளே புகுந்தேன். டயர் வெடித்த பட்டாள லாரியைத்தான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் கரையில் ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தார். கை நெஞ்சில் இருந்தது.

"வலிக்குதா?" என்று அவர் முகத்தருகே குனிந்தேன்.

"இல்ல. கொஞ்சம் வேகமா நடந்துட்டேன். நெஞ்சு படபடன்னு அடிச்சுது. சாதாரணமா அடிக்குதா, இல்ல அதேதானான்னு தெரியல. பயந்து உக்காந்துட்டேன். எழுந்திருக்க தைரியம் வரல."

அதுவரை பயமெல்லாம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இரைக்க இரைக்கப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்.

"உனக்கு என்னைவிட வேகமா அடிக்குதே!"

"ஓடி வந்தேன் இல்ல?"

"அப்ப இது நடந்தா அடிக்கறதுதான் போல" என்றார். சிரிக்கவில்லை.

காலி ஜட்கா ஒன்று வந்து நின்றது. ஏறிவிடலாமா என்று எனக்கும் ஆசை. அவர் அதைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "வேணாம்பா, நீ போ" என்றார். இருவரும் மெதுவாக நடந்தோம். சோறு அடிபிடித்திருந்தது.

மறுநாள் முதல் பின்னால் அல்ல, பக்கத்தில் நடந்தேன். போகப்போக ஆபீசுக்கும் நடந்தே போனார். பென்ஷன் வாங்கிய பிறகும் பல வருஷம் நன்றாக இருந்தார். ஆனால் அவர் கொஞ்சம் தாமதித்தாலும் வாசலில் வந்து தெருமுனையைப் பார்த்து நிற்பேன். அந்தப் பயம் மட்டும் என்னை விட்டுப் போகவேயில்லை.