துணி போடாத மெஷின்

கடைக்காரர் சொன்னபடி, புது வாஷிங் மெஷினின் உட்புறம் சுத்தமாவதற்காக, துணி போடாமல் வெந்நீரில் ஓடவிட்டேன். காலி டிரம் சுற்றும் சத்தம் திண்டிவனத்திலிருந்து என்னைச் சின்ன வயதில் இருந்த கோட்டக்குப்பத்து வீட்டுக்கு இழுத்துப் போனது.

துபாயில் வேலை பார்த்த அத்தா, ஒரு லீவில் வந்தபோது அம்மாவுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தார். எங்கள் கிணற்றில் உப்புத் தண்ணீர். மெஷின் பாழாகிவிடும் என்று அம்மா கல்லில்தான் துவைப்பாள். ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் பூப்போட்ட உறையைக் கழற்றி, தெருக்குழாயில் பிடித்த நல்ல தண்ணீரை ஊற்றி, வெறுமனே ஓடவிடுவாள்.

"துணி போடாம எதுக்கும்மா ஓட்டிக்கினு இருக்கே?"

"சும்மா கெடந்தா துருப்புடிச்சிடும்டி. அத்தா வந்து பாக்கும்போது புதுசா இருக்கணும்."

அத்தா வரவில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அவருடைய பெட்டி மட்டும் வந்தது. அதிலிருந்த சட்டைகளை அம்மா மெஷினில் போட்டு, குமிழைத் திருகினாள். அழவில்லை. மூடியில் கை வைத்தபடியே நின்றாள்.

"துணி உள்ள கெடந்தா சத்தமே வேற மாதிரி இருக்குல்ல," என்றாள்.

என் மெஷின் ஓடி முடித்து மணியடித்தது. உலர்த்த ஒன்றுமில்லை. இருந்தும் பக்கெட்டை எடுத்துக்கொண்டு மெஷின் முன்னால் போய் நின்றேன்.