ஈரச் சாக்கு

முதலில் வந்தது மாலைக் காய்ச்சல். இருமல் அதற்கு முன்பே இருந்தது. பீடிக் கொட்டகையில் யாரும் இருமலை நோயென்று எண்ணுவதில்லை. புகையிலைத் தூள் தொண்டையில் ஏறினால் எல்லோரும் இருமுவோம். தூள் இருமல் என்போம். ஒரு துண்டு வெல்லத்தை வாயில் அடக்கிக்கொண்டு ஐந்து மாதம் ஓட்டினேன். எழுபதுகளின் கடைசி அது.

கொட்டகை காரைக்காலில், கடற்கரைக்குப் போகும் வழியில் இருந்தது. சுரக்குடியிலிருந்து நானும் தங்கை வசந்தாவும் போவோம். முப்பது பெண்கள் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருப்போம். நான்கு ஜன்னல், நான்கும் மூடியிருக்கும். கடல்காற்று பட்டால் நனைத்த இலை காய்ந்து உடையும், தூள் பறக்கும். என் இடம் ஜன்னலோரம். கொக்கி மாட்டுவதும் நான்தான்.

சளியில் ரத்தம் கண்ட பிறகே பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். டி.பி. (நுரையீரலை அரிக்கும் காசநோய்) என்றார் டாக்டர். ஊசியும் மாத்திரையுமாக ஒன்றரை வருடம். ஊசி போட்ட இடம் கல்லாக இறுகும், காதுக்குள் வண்டு இரையும். யாருக்கு வந்தாலும் மருந்தைப் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

மூன்றாம் மாதம் சளியில் கிருமி இல்லை, வேலைக்குப் போகலாம் என்று சீட்டு கொடுத்தார் டாக்டர். கொட்டகை மேஸ்திரி அதைக் கையால் தொடவில்லை.

"உள்ள வராத. வாசல்ல கீத்துச் சார்ப்பு இருக்குல்ல, அங்க உக்காந்து சுத்து. உன் லோட்டாவையும் எடுத்துக்க." சொல்லிவிட்டு இருமினார். "சனியன் புடிச்ச தூளு."

யாரும் தலை நிமிரவில்லை. வசந்தா மட்டும் முறத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "நானும் அக்காகூட உக்காந்துக்குறேன்."

அவளுக்குப் பூவத்தில் மாப்பிள்ளை பேசியிருந்தோம். என் பக்கத்தில் உட்கார்ந்தால் அது கெட்டுவிடும் என்று பயந்தேன்.

"போடி உள்ள" என்றேன்.

நாலு பக்கமும் திறந்த கீற்றுச் சார்ப்பில் கடல்காற்று பட்டு, முதல் வாரம் இலையெல்லாம் காய்ந்து நொறுங்கியது. பிறகு முறத்தின் மேல் ஈரச் சாக்கை மூடி, ஒவ்வோர் இலையாக உருவிச் சுற்றப் பழகினேன். தூள் கிண்ணத்தை மடியில் ஒடுக்கிக்கொண்டேன். நாள் முடிவில் பீடிக் கட்டு குறையவில்லை.

"நீ மகாராணி மாதிரி காத்து வாங்குற. நாங்க இட்லிப் பானையில வேகுறோம்" என்று ஒரு மதியம் வசந்தா சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "தூளுதான்க்கா."

நானும் தூள்தான் என்று நினைத்தேன். அந்த நோய் வந்து பட்டவள், நானே அப்படி நினைத்தேன்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது அவளுக்கு நுரையீரல் இரண்டு பக்கமும் அரித்திருந்தது.

"உள்ள வேற யாரு இருமுறாங்க?" என்றார் டாக்டர்.

"எல்லாருந்தாங்க."

"இருமுறவங்க வாயிலேருந்து வர்ற கிருமி காத்துலதான் மிதக்கும். மூடுன ரூம்ல அது எங்கம்மா போகும்? ஜன்னல் இல்லையா?"

"இருக்குங்க. தொறந்தா இலை காஞ்சிடும்ங்க."

"நீங்க வெளியில உக்காந்து பீடி சுத்துறதாச் சொன்னீங்களே. உங்க இலை காயலையா?"

ஒரு வருடமாக ஈரச் சாக்கு என் மடியில் இருந்தது. உள்ளே போய்ச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு இருந்துவிட்டேன்.

மறுநாள் வாசலில் நின்றே சொன்னேன். "மேஸ்திரி, ஜன்னலத் தொறங்க. ஈரச் சாக்கு போட்டா இலை காயாது."

"டி.பி.காரி எனக்குத் தொழில் சொல்லித் தர்றியா?" என்றார். உள்ளே சிலர் சிரித்தார்கள்.

மருந்து பிடிப்பதற்குள் வசந்தா போய்விட்டாள். மாப்பிள்ளை வீட்டார் சாவுக்கும் வரவில்லை. அடுத்த மாதம் மேஸ்திரியே ரத்தம் கக்கி ஆஸ்பத்திரியில் படுத்தார். அதன் பிறகுதான் நான்கு ஜன்னலையும் திறந்தார்கள். எல்லோர் மடியிலும் ஈரச் சாக்கு. இலை காயவில்லை.

இப்போது எந்த அறைக்குள் நுழைந்தாலும் என் மூச்சு தானாக நின்று, ஜன்னலைத் தேடிவிட்டுத்தான் மறுபடி ஓடுகிறது. ஐப்பசிச் சாரலில் பாய் நனைகிறது, வீட்டில் திட்டுகிறார்கள். நான் மூடுவதில்லை. நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்கிறார்கள் டாக்டர்கள். அந்தச் சார்ப்பில் கிடைத்த மூச்சு இது. அங்கே இன்னொருத்தி உட்கார இடம் இருந்தது.