மாப்பிள்ளையின் பூட்ஸ்

மேலப்பாளையத்தில் கொளுத்தும் வெயிலில் பூட்ஸ் போட்டு நடப்பவர் ஒன்று போலீஸ்காரராக இருக்க வேண்டும், இல்லையென்றால் நாசராக இருக்க வேண்டும். ஒரு காலுக்குப் பதினாறு ஓட்டை. பள்ளிவாசல் படியில் உட்கார்ந்து அவர் கயிற்றை அவிழ்ப்பதற்குள் உள்ளே தொழுகை தொடங்கிவிடும். திரும்பக் கட்டி முடிப்பதற்குள் ஊர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டிருக்கும். ரப்பர் செருப்பு வாங்கித் தொலையுங்கள் என்று மனைவி கமர் நிஷா சொல்லாத நாளில்லை. நாசர் அதைக் காதில் போட்டுக்கொண்டதுமில்லை.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இருபத்திரண்டு வருடம் வளைகுடாவில் ஒரு எண்ணெய்க் கம்பெனி ஸ்டோரில் தொழிலாளிகளுக்கு பூட்ஸ் எடுத்துக் கொடுக்கும் வேலை பார்த்தவர். ஒரு வருடம் புது சரக்கு வந்தது. முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. நாசருக்கு ஒரே சந்தோஷம். அங்கே வேலை பார்த்த உவரிக்காரர் எபனேசருக்கு முதல் ஜோடியை அவர்தான் தேடி எடுத்துக் கொடுத்தார். பத்தாம் நாள் ஏணியில் ஏறும்போது அடிப்பாகம் பிளந்து கம்பியில் மாட்டி, எபனேசர் கீழே விழுந்தார். இன்றும் அவர் நொண்டித்தான் நடக்கிறார். அந்த பூட்ஸை நாசர் கத்தியால் அறுத்துப் பார்த்தார். உள்ளே அட்டையும் பசையும்தான் இருந்தன. கொடுத்த கை தன் கை என்பதை அவரால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

அதிலிருந்து பிடித்துக்கொண்டது இந்தப் பழக்கம். யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் வாசலில் கிடக்கும் செருப்புகளைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார். மகள் அஃப்ராவைப் பார்க்க வந்த இரண்டு மாப்பிள்ளைகளை அப்படித்தான் தட்டிக்கழித்தார். ஒருவன் செருப்பில் குதிகால் கோணல், இன்னொருவன் ஷூவில் தோலே இல்லை, எல்லாம் பிளாஸ்டிக்.

மூன்றாவதாக வந்த வரன் உசாமா. பேட்டையில் பழுதான மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். போட்டோவிலேயே அஃப்ராவுக்கு அவனைப் பிடித்துவிட்டது. பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாளே வாப்பாவைப் பிடித்து உட்கார வைத்துச் சொன்னாள்.

“வாப்பா, இந்தத் தடவ மூஞ்சிய மட்டும் பாருங்க. வாசப்பக்கம் போகவே கூடாது.”

“போவ மாட்டேம்மா. சத்தியமா.”

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பெண்கள் உள்ளே போய்விட, கூடத்தில் உசாமாவும் தரகர் தாஜ் முகம்மதுவும் உட்கார்ந்தார்கள். சமோசா வந்தது. நாசர் கால் மணி நேரம் மாப்பிள்ளையின் மூஞ்சியையே பார்த்தார். பையன் நெளிந்தான். அதற்கு மேல் நாசரால் முடியவில்லை.

“கார் வெயில்ல நிக்குதான்னு பாத்துட்டு வாரேன்” என்று எழுந்தார்.

வாசலில் புத்தம்புது பூட்ஸ் ஒரு ஜோடி. விளிம்பு நெடுக வெள்ளைத் தையல். நாசருக்கு நெஞ்சு குளிர்ந்தது. தையலை நகத்தால் நெருடினார். நூலே இல்லை, தையல் மாதிரி அச்சுக் குத்தியிருந்தார்கள். கட்டைவிரலை இடுக்கில் விட்டு லேசாகத்தான் நெம்பினார். அடிப்பாகம் முழுசாகக் கையோடு வந்துவிட்டது.

பின்னாலேயே வந்த கமர் நிஷா தலையில் கை வைத்தாள். “அஃப்ரா வாப்பா! என்ன செஞ்சு வச்சிருக்கிய?”

“நான் என்ன செஞ்சேன்? பசையக் கேளு.”

எபனேசர் விழுந்தது கண்ணில் வந்து நின்றது. இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்ற முடிவோடு, பிய்ந்த அடியைக் கையில் பிடித்தபடியே கூடத்துக்கு வந்தார். கதவு இடுக்கில் நின்றிருந்த அஃப்ராவுக்கு அழுகை முட்டியது.

“தம்பி, இது உங்களுதா?”

உசாமாவின் முகம் சிவந்தது. “ஆமா மாமா. எனக்கு பூட்ஸ் போட்டுப் பழக்கமே கெடையாது. மாமாவுக்கு பூட்ஸ்னா உசுருன்னு தாஜ் அண்ணன் சொன்னாவ. நேத்துதான் வாங்குனேன். குதிங்கால் ரெண்டும் பொத்துப்போச்சு.”

தாஜ் முகம்மது சமோசாவுக்குள் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார். நாசரின் பார்வை அந்தக் குதிங்கால்களுக்குப் போனது. மூன்றாவது மாப்பிள்ளையின் காலைக் கடித்தது அவருடைய கிறுக்குத்தான்.

உசாமா அந்த அடியை வாங்கித் திருப்பிப் பார்த்தான். “மோட்டார்லயும் இப்படித்தான் மாமா. மேல பெயின்ட் அடிச்சு ஏமாத்துவானுவ. பிரிச்சுப் பாக்காம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நல்ல பூட்ஸ்னா உள்ள என்னதான் இருக்கும்?”

ஐம்பத்து நான்கு வயது வாழ்க்கையில் அவரிடம் இதைக் கேட்ட முதல் ஆள். நாசர் ஓடிப்போய்த் தன் பூட்ஸைக் கொண்டுவந்தார். மேல்தோலையும் உள்ளடியையும் ஒரு தோல் வாரோடு சேர்த்து ஒரு தையல், அந்த வாரில் வெளியடிக்கு இன்னொரு தையல். அடி தேய்ந்தால் வெளித்தையலை மட்டும் பிரித்துப் புது அடி போடலாம், மேலே ஒன்றும் ஆகாது. நடுவில் வளையாத எஃகுத் தகடு, ஏணிக் கம்பியில் பாதம் நோகாமலிருக்க. “மூணு தடவ அடி மாத்திட்டேன். இன்னும் கல்லு மாதிரி இருக்கு, பாருங்க.” பேச்சு முக்கால் மணி நேரம் நீண்டது. உசாமா இரண்டு இடத்தில் குறுக்குக் கேள்வி கேட்டான். தேநீர் ஆறிப்போனது.

கிளம்பும்போதுதான் மாப்பிள்ளைக்குக் காலில் போட ஒன்றுமில்லை என்பது எல்லோருக்கும் உறைத்தது. நாசர் தன் பூட்ஸை அவன் முன்னால் வைத்து, அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கயிறு கட்டத் தொடங்கினார். உசாமா பதறிக் காலை இழுத்தான்.

“சும்மா நில்லுங்க மாப்ளே. கணுக்காலுகிட்ட இறுக்கிக் கட்டணும்.”

தம்பி மாப்ளே ஆனதைக் கேட்டதும் தாஜ் முகம்மது நிம்மதியாக ஒரு சமோசாவை எடுத்து வாயில் போட்டார்.

“ஒரு பக்கம் குத்துது மாமா.”

“குத்தத்தான் செய்யும். உள்ள இருக்க தக்கை என் காலுக்குப் படிஞ்சு கெடக்கு. பைய நடங்க, உங்க காலுக்கும் படிஞ்சிரும்.”

கார் போனதும் அஃப்ரா ஓடிவந்தாள். “வாப்பா, உங்க பூட்ஸ்?”

“அடுத்த ஞாயித்துக்கெழம கொண்டாந்து தரணும்னு சொல்லியிருக்கேன். வராம எங்க போவான்?”

அன்று சாயங்கால அஸர் தொழுகைக்கு நாசர் கமர் நிஷாவின் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். வாழ்நாளில் முதன்முறையாக முன்வரிசையில் இடம் கிடைத்தது.