லென்ஸ் ஓரத்தில் நின்றவர்

ஜெர்மன்காரன் செய்த லென்ஸாம், ஜப்பான்காரன் கொள்ளையடித்ததாம், கடைசியில் வந்து விழுந்தது எங்கள் தலையில். என் அக்கா வினிஃப்ரெட்டைப் பற்றி யார் கேட்டாலும், அந்தப் பாழாய்ப்போன கண்ணாடியிலிருந்துதான் தொடங்குவேன்.

அக்கா மலாயாவில், குளுவாங் ஊரில் தையற்காரர் ரபேலின் மனைவி. மாதா கோயிலில் பாட்டுப் பாடினாலும் சரி, மீன்காரனோடு மல்லுக்கட்டினாலும் சரி, தெருவே திரும்பிப் பார்க்கிற குரல். எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்லுவாள். அத்தானின் பெயரை மட்டும் சொல்லமாட்டாள். “ஏங்க”, “இந்தாங்க” என்பதோடு சரி. அத்தான் தைத்துக்கொண்டே சிரிப்பார்.

ஜப்பான்காரன் வந்த மறுவருஷம், சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். போனவன் திரும்பியதாகக் கேள்விப்பட்டதில்லை. அத்தானுக்கும் ஆணை வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஐயாசாமி செத்தான். எஸ்டேட்டை விட்டு வந்து எங்கள் வீட்டுப் பின்னறையில் தங்கியிருந்த ஒண்டிக்கட்டை. மலேரியா. முகம் ஊதிப்போய், பெற்றவளே வந்தாலும் அடையாளம் தெரியாது. அக்கா அவன் கண்ணை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“கெர்ட்ரூட், செத்தது ஐயாசாமி இல்ல. உங்க அத்தான்.”

“அடிப்பாவி! உசுரோட இருக்கிற மனுஷனையா?”

“உசுரோட இருக்கணும்னுதான்டி சொல்றேன்!”

எங்கள் ஆட்களில் சாவு விழுந்தால், சவப்பெட்டியைச் சுற்றி நின்று குடும்பமாகப் போட்டோ எடுத்துக்கொள்வோம். தலைமாட்டுப் பக்கத்தை யாராவது தூக்கிப் பிடிக்கவேண்டும். அப்போதுதான் முகம் படத்தில் விழும். இந்த வழக்கம் ஆள்பிடிக்கிற ஆப்பீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த கனகராஜுக்கும் தெரியும். அத்தான் முகம்தான் அவனுக்குத் தெரியாது. பொய்ச்சாவு பெருகிவிட்டதாம். போட்டோ இருந்தால்தான் பட்டியலிலிருந்து பெயரை அடிப்போம் என்று சொல்லி, போட்டோக்காரனையும் அவனே அனுப்பினான்.

வந்தவன் லூயிஸ். அத்தானோடு கோயிலில் பாடுகிறவன், எங்கள் பக்கம் நிற்கிற ஆள். ஆனால் அவன் வேலை செய்த ஸ்டூடியோ ஜப்பான்காரன் கையில். பிலிமைக் கழுவாமல் அப்படியே ஒப்படைத்துவிட வேண்டும். கையடக்கமான ஒரு ஜெர்மன் கேமராவைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

“லென்ஸப் பாருங்கக்கா, எவ்ளோ பெரிய கண்ணு! வெளக்கு வெளிச்சமே போதுமாம். சின்ன ரூம்பா இருந்தாலும் எல்லாரையும் உள்ள இழுத்துடுமாம். இன்னைக்குத்தான் மொதல்ல தொடுறேன் லா.”

துக்கவீடு என்பதையும் மறந்து பல்லைக் காட்டினான்.

பெட்டியைத் தூக்கிப் பிடிக்க யார் இருக்கிறார்கள்? அக்கம்பக்கத்து ஆண்கள் பாதிப்பேர் சயாமில், மீதிப்பேர் காட்டில் ஒளிந்து கிடந்தார்கள். முட்டுக் கொடுக்க நாற்காலிகூட இல்லை. எல்லாம் மரவள்ளிக்கிழங்குக்குப் போய்விட்டன. கடைசியில் அத்தானே வந்து தலைமாட்டைத் தூக்கினார். தன் சவப்பெட்டியைத் தானே தூக்கிய மனுஷனை நான் கண்ணால் பார்த்தேன்.

லூயிஸ் கேமராவின் சின்ன ஜன்னலில் கண்ணை வைத்தான். “அண்ணே, வலது பக்கம் தள்ளுங்க. இன்னும்... இன்னும்... ஆங், இப்ப கை மட்டும்தான் தெரியுது.”

ஸ்டூடியோவின் பெரிய கேமராவில் கறுப்புத் துணிக்குள் எது தெரிகிறதோ அதுதான் படத்திலும் விழும். லூயிஸுக்கு அந்தப் பழக்கம். இந்தக் கேமராவில் ஜன்னல் வேறு, லென்ஸ் வேறு. ஜன்னல் பழைய லென்ஸுக்கு அளந்து வைத்தது. இந்த அகலக் கண்ணுக்கென்று மேலே மாட்டுகிற தனி ஜன்னல் ஒன்று உண்டாம், கொள்ளையில் அது எங்கேயோ தொலைந்துவிட்டது. லென்ஸ் பார்த்ததில் பாதியைத்தான் லூயிஸ் பார்த்தான். எங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?

ஐயாசாமியைப் புதைத்து, சிலுவையில் ரபேல் என்று எழுதினோம். அக்கா கறுப்பு உடுத்தினாள்.

பிறகு ஒரு மத்தியானம் கனகராஜ் ஒரு அதிகாரியோடும் சிப்பாய்களோடும் வந்தான். கையில் போட்டோ. “ரபேல் பேர அடிச்சாச்சும்மா,” என்றான். எங்களுக்கு மூச்சு வந்தது. அப்போது அதிகாரி போட்டோவின் ஓரத்தில் விரலை வைத்தார்.

“இந்தப் பலசாலி யாருன்னு தொரை கேக்குறாரு,” என்றான் கனகராஜ்.

எட்டிப் பார்த்தேன். ஐயோ, என் ஆண்டவரே! தலையிலிருந்து கால்வரை முழுசாக அத்தான் நிற்கிறார். அதற்குள் சிப்பாய்கள் பின்கட்டிலிருந்து அவரை இழுத்து வந்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் அவர் தலையும் போகும், லூயிஸ் தலையும் போகும், எங்கள் தலையும் போகும்.

அக்காவிடமிருந்து அவ்வளவு சின்னக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. “ஐயாசாமிங்க. எங்க வீட்ல தங்கியிருக்காரு.”

“அப்ப இவரு வரட்டும். சயாமுக்கு ஆள் பத்தல. என்னப்பா, ஐயாசாமிதானே?”

அத்தான் தலையைக் குனிந்துகொண்டு, “ஆமாங்க,” என்றார்.

லாரியில் ஏற்றினார்கள். வாடகைக்கு இருந்தவனுக்காகக் கைம்பெண் கதறமுடியுமா? அக்கா திரும்பிச் சுவரிலிருந்த சிலுவையைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டாள்.

“ரபேலு! என்ன வுட்டுட்டுப் போறியே ரபேலு! ஒரு வார்த்த சொல்லாம போறியே!”

கட்டியவர் பெயரை அன்றைக்குத்தான் அவள் வாயால் கேட்டேன். செத்த புருஷனுக்கு அழுகிறாள் என்று நினைத்து அதிகாரி தொப்பியைக் கழற்றினார். லாரியில் அத்தான் முகத்தை மூடிக்கொண்டார். கனகராஜ் போட்டோவை அந்தச் சிலுவையடியில் வைத்துவிட்டுப் போனான்.

சண்டை முடிந்ததும் காளியப்பன் என்பவர் சயாமிலிருந்து எலும்பும் தோலுமாக வந்து, ஐயாசாமியின் வீடு இதுதானா என்று கேட்டார். அத்தானோடு ஒரே கொட்டகையில் கிடந்தவராம்.

“வாந்திபேதிம்மா. கடைசியில நெனவு தப்பிடுச்சு. ஐயாசாமி, ஐயாசாமின்னு எவ்ளோ கூப்பிட்டோம் தெரியுமா? திரும்பிக்கூடப் பாக்கல.”

அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

“அவரு பேரு ரபேலுங்க,” என்றாள். “அப்படிக் கூப்பிட்டிருந்தா திரும்பியிருப்பாரு.”