ஒரு மணி நேரம் என்று காட்டியது

அம்மா காலையில் இறந்தபோது அண்ணன் ஹூப்ளியில் போர்வெல் லாரியில் வேலையாக இருந்தான். "பஸ் ஏறட்டுமா கண்ணு?" என்றான். போனில் தேடினேன். ஹூப்ளியிலிருந்து சேலத்துக்கு விமானத்தில் ஒரு மணி நேரம் என்று காட்டியது. "ஏரோப்ளேன்லயே வந்துரு" என்றேன். அந்த இணையதளத்தில் தூரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் விமான நிலையத்துக்குப் போனால், அப்படி ஒரு விமானமே கிடையாது என்றார்களாம். அதற்குள் பஸ்ஸும் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் சேலம் வந்து, எங்கள் ஊருக்குக் கொல்லிமலை ஏறுவதற்குள் மறுநாள் மதியமாகிவிட்டது. காலையிலேயே அம்மாவை எடுத்துவிட்டோம்.

"நீ சொன்னா சரியா இருக்கும்னு போனேன் சாமி" என்றான். திட்டவில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை.

இப்போது எப்படிப் போவது என்று யார் கேட்டாலும், எவ்வளவு நேரமாகும் என்று நான் பார்ப்பதில்லை. வண்டி இருக்கிறதா என்று முதலில் விசாரிக்கிறேன்.