அத்தானின் கோணல் படகு

என் அக்காவின் கணவர் மூன்று வருஷமாக ஒரு ரிமோட் படகைக் கோணலாக ஓட்டிக்கொண்டிருந்தார். கோணல் படகில் இல்லை, காற்றில் இருக்கிறது என்று அந்த மூன்று வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

லைசென்ஸ் கேட்டு வருகிறவர்களை வண்டி ஓட்டிக் காட்டச் சொல்லிப் பரிசோதிப்பது அவருடைய வேலை. வியர்த்து வழிகிற ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஸ்டீயரிங்கப் பிடிச்சிருக்கீங்களா, மாவு பிசையறீங்களா?" என்று கேட்பார். ஃபெயில் என்று எழுதும்போது மட்டும் அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அன்றைக்கு எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினார் என்பதைச் சாப்பாட்டு மேஜையில் பெருமையாகச் சொல்வார். நான் அவரை அத்தான் என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவேன். வாய் மட்டும்தான் கூப்பிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூங்காக் குளத்தில் ஒரு கூட்டம் கூடும். தலை நரைத்த பெரிய மனுஷர்கள் அரைக்கால் சட்டையோடு, ரிமோட்டைக் குழந்தை மாதிரி நெஞ்சில் அணைத்துக்கொண்டு நிற்பார்கள். வருஷத்துக்கு இரண்டு முறை போட்டி. மிதக்கும் பந்துகள் ஜோடி ஜோடியாக இருக்கும். பந்தில் படாமல் நடுவே புகுந்து போக வேண்டும். எப்போதும் ஜெயிப்பவர் ஒரு பல் டாக்டர். எப்போதும் கடைசி யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முதுகுக்குப் பின்னால் அத்தானுக்கு 'மாலுமி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது காதில் விழுந்ததும் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு, அந்தப் பெயரைத் தொப்பியில் எழுதி மாட்டிக்கொண்ட மனுஷர் அவர்.

படகை மரத்தில் அவரே செதுக்கியிருந்தார். தண்ணீரில் விட்டால் இடதுபக்கம் இழுக்கும். சுக்கானை வலதுபக்கம் ஒடித்தால் ஒரு கணம் யோசித்துவிட்டு, வலதுபக்கமாகத் தலைதெறிக்க ஓடும். திருப்பினால் மறுபடி இடது. குடித்துவிட்டு வீட்டுக்கு வழி தேடுகிறவன் நடை. அதற்கு அத்தான் செய்த வைத்தியம், இன்னும் பெரிய மோட்டார் வாங்கி மாட்டியது. கோணல் போகவில்லை, வேகமாகக் கோணியது. பிறகு மூக்கில் ஈயக்கட்டியைத் திணித்தார். "தலை கனமா இருந்தாத்தான் நேரா போகும் மச்சான்" என்று எனக்கு விளக்கினார். தலைக்கனத்தைப் பற்றி அவருக்குத் தெரியாததா?

ஒருநாள் அக்கா காய் நறுக்கிக்கொண்டே, "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கான்னு பாத்தீங்களா?" என்று கேட்டாள். அக்கா துணித் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். ஒரு கத்தரிப்பு தவறினால் முந்நூறு சட்டை வீணாகும் இடம் அது.

"இது ஜாக்கெட் தைக்கிற வேலையில்ல" என்றார் அத்தான். "நீ வெங்காயத்தப் பாரு."

அக்கா வெங்காயத்தைத்தான் பார்த்தாள். ஆனால் அடுத்த மாதம் ஆபீஸ் பயிற்சிக்காக அவர் இரண்டு வாரம் வெளியூர் போனதும், எனக்கு ஃபோன் செய்து வரச்சொன்னாள். சாப்பாட்டு மேஜையில் படகு கவிழ்ந்து கிடந்தது. அதன் அடிப்பாகத்தின்மேல் டிரேசிங் பேப்பரை அழுத்தி, விளிம்போடு பென்சில் ஓட்டி, கத்தரித்தாள். பிறகு தாளை நடுவில் மடித்தாள். ஒரு பக்கம் விரல் அகலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"பாருடா. ஒரு தோள் தூக்கின சட்டை. எப்படி நேரா போகும்?"

ஒல்லியாக இருந்த பக்கத்தில் பட்டி பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். தாளின் இரண்டு ஓரமும் ஒன்றோடொன்று பொருந்தும்வரை, மூன்று நாள். அடுத்து சுக்கானை விரலால் ஆட்டிப் பார்த்தாள். கம்பி மாட்டியிருந்த ஓட்டை தேய்ந்து பெரிதாகி, ரிமோட் எதுவும் சொல்லாமலே சுக்கான் தானாக ஆடிக்கொண்டிருந்தது. "மிஷின்ல ஊசி இப்படி ஆடினா சூப்பர்வைசர் என்னைத் தொலைச்சிருவான்" என்று சொல்லிக்கொண்டே, கம்பி இறுக்கமாக நிற்க ஓட்டையில் ஒரு சின்னக் குழாயைச் செருகினாள். குளியல் தொட்டியில் மிதக்கவிட்டபோது படகு மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. ஈயத்தைப் பிடுங்கிப் போட்டு, பேட்டரியைப் பின்னால் நகர்த்தினாள். படகு நிமிர்ந்தது.

மறுநாள் காலை குளத்துக்குப் போனோம். பாதி குணமாகியிருந்தது. ஆனால் திரும்பிய பிறகு படகின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டே போனது, நிற்கவில்லை. அக்கா கரையில் குத்துக்கால் போட்டு வெகுநேரம் பார்த்தாள். வீட்டுக்கு வந்து பிஸ்கட் டப்பா மூடியை வெட்டி, படகுக்கு அடியில், சுக்கானுக்கு முன்னால், மீனின் துடுப்புபோல ஒரு தகட்டை நட்டுக்குத்தாக ஒட்டினாள். இப்போது படகு கோடு கிழித்த மாதிரி நேராகப் போனது. திரும்பத்தான் மறுத்தது.

"தகடு பெரிசாப் போச்சு" என்று சிரித்தாள். கத்தரிக்கோலால் ஒரு கீற்று நறுக்கினாள். ஓட்டினாள். இன்னொரு கீற்று. ஐந்தாவது கீற்றில் படகு சொன்ன பேச்சைக் கேட்டது. படகைப் பின்னாலிருந்து தள்ளுகிற விசிறி சுற்றுவதால் வந்த கொஞ்சூண்டு இழுப்பை ரிமோட்டின் சின்னக் குமிழைத் திருகிச் சரிசெய்தாள்.

அத்தான் திரும்பி வந்தார். போட்டி வந்தது. அவருக்கு இரண்டாவது இடம். கரையில் வாய் பிளந்து நின்ற கூட்டத்துக்கு, "தண்ணிய வாசிக்கத் தெரியணும் சார். அதோட புது மோட்டார் இப்பதான் செட் ஆயிருக்கு" என்று கால்மணி நேரம் பாடம் எடுத்தார். நான் வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தாள்.

இன்றுவரை எனக்கு ஆறாத விஷயம், அடுத்த ஆறு மாதத்தில் ஒரு தடவைகூட அவர் தன் படகின் அடியைப் பார்க்கவில்லை என்பதுதான். அடுத்த போட்டிக்கு முந்தின நாள், அந்த முறை அவருடைய ஆபீஸ் மேலதிகாரியும் குடும்பத்தோடு வருகிறார் என்று பாலிஷ் போடக் கவிழ்த்தபோதுதான் பார்த்தார்.

"இந்தத் தகரத்த எவன் ஒட்டினது?"

"நான்தான். எடுக்காதீங்க, வால் வழுக்கும்."

"வேகத்தையே இதுதான் கெடுக்குது! இல்லேன்னா போன தடவையே முதல் பரிசு." குறடால் பிடுங்கிக் குப்பையில் போட்டார்.

மறுநாள் இரண்டாவது திருப்பத்தில் படகின் வால் சறுக்கியது. நான்கு பந்துகளை இடித்தது, ஒரு முழு வட்டம் போட்டது, முறைக்காகக் காத்திருந்த பல் டாக்டரின் வெள்ளைப் படகை விலாவில் முட்டித் துளைத்தது. மேலதிகாரியின் மனைவி கைதட்டினாள், அதுதான் விளையாட்டு என்று நினைத்து.

அத்தான் அக்காவின் பக்கம் திரும்பிக் கத்தினார். "என்னடி பண்ணித் தொலைச்ச என் படக? உன்ன யாரு கை வைக்கச் சொன்னா?"

பல் டாக்டர் நிதானமாகக் கேட்டார், "அப்போ போன தடவை நேரா போச்சே சார், அது அவங்க கை வச்சதாலயா?"

அத்தான் 'மாலுமி' தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் செருகிக்கொண்டார். மேலதிகாரி தரையைப் பார்த்தார். நான் என் ஆயுளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

டாக்டர் ஓட்டை விழுந்த படகைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் வந்தார். "அம்மா, என்னோடதும் லேசா வலதுபக்கம் இழுக்குது. ரொம்ப நாளா யார்கிட்டயும் சொல்லல. கொஞ்சம் பாக்கறீங்களா?"

அக்கா படகைக் கையில் வாங்கி, சுக்கானை ஒரு விரலால் ஆட்டிப் பார்த்தாள்.

அன்றோடு அத்தான் குளத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். இப்போது கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கிறார். மூன்று செத்துவிட்டன. தொட்டி செய்தவன் சரியில்லையாம். இந்த ஆளோடு எப்படிக் காலம் தள்ளுகிறாய் என்று அக்காவிடம் கேட்டேன். "ஞாயித்துக்கிழமை நான் குளத்துக்குப் போயிடறேன், வீட்டுல இருக்கறதில்லடா, பாதி பாரம் குறைஞ்சுது" என்றாள்.

அவள் இப்போது இரண்டு விசிறி வைத்த படகு ஒன்றுக்குத் தாள் வெட்டிக்கொண்டிருக்கிறாள். இரண்டும் எதிரெதிராகச் சுற்றினால் ஒருபக்க இழுப்பே இருக்காதாம். மேஜையில் இடமில்லாததால், அங்கே போகும்போதெல்லாம் நான் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறேன்.