பெரிய பல்சக்கரத்தின் நான்காவது போல்ட்

எங்கள் ஊரில் ஒரு போல்ட் தொலைந்துபோனால் கடைக்குப் போக மாட்டோம், லேத்துக்குப் போவோம். கோயம்புத்தூர்க்காரனுக்கு இது ஒரு வியாதி. ஊருக்குள் கணபதிப் பகுதியில் எனக்குச் சொந்தமாக ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், பம்புசெட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற வேலை. தலைமுடி கனத்தில் பாதி வித்தியாசம் இருந்தாலும் என் கை கண்டுபிடித்துவிடும் என்று இருபது வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

என் மனைவி நூல் மில்லில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். முப்பத்தெட்டாவது வயதில்தான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஊரைவிட்டுப் போன ஒரு ஐ.டி.காரரிடமிருந்து பழைய ரோடு பைக் ஒன்றை வாங்கினோம். கீழே வளைந்த ஹேண்டில்பார், விரல் கனத்துக்கு டயர், மிதிக்கிற இடத்தில் சிறிதும் பெரிதுமாக இரண்டு பல்சக்கரம். முதல் மாதம் விழாத நாளே இல்லை. இரண்டாவது வருடத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தோடு சிறுவாணி ரோட்டில் போய்த் திரும்பிக்கொண்டிருந்தாள். நான் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பேன்.

அவள் ஆசை எல்லாம் வால்பாறை மேல்தான். அங்கே தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் பிறந்தவள். பதினெட்டு வயதில் மில் வேலைக்காகப் பஸ்ஸில் கீழே இறங்கினாள், நாற்பது கொண்டை ஊசி வளைவுக்கும் வாந்தி எடுத்துக்கொண்டே. அவளுடைய அக்கா இன்னமும் அங்கே கொழுந்து பறிக்கிறார். எந்த ரோட்டில் தலைதொங்கி வந்தேனோ அதே ரோட்டில் மிதித்து ஏறி அக்கா முன்னால் போய் நிற்க வேண்டும் என்பாள். இதை அவள் சத்தமாகச் சொன்னதே இல்லை. சட்டினி அரைத்துக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ சொல்வாள்.

போன வருடம் ஒரு தடவை முயன்றாள். அதற்கு முந்தின நாள், செயின் உரசுகிறது என்று சைக்கிளை என்னிடம் கொடுத்தாள். ரோடு பைக்கில் மிதிக்கிற இடத்துக்கு மேலே ஒரு சின்னக் கூண்டு உண்டு. ஃப்ரண்ட் டீரெய்லர் என்பார்கள். செயின் அந்தக் கூண்டுக்குள் ஓடும். கியர் மாற்றினால் கூண்டு நகர்ந்து செயினைச் சின்னச் சக்கரத்துக்கோ பெரிய சக்கரத்துக்கோ தள்ளிவிடும். எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை அதிலுள்ள இரண்டு திருகுகள் தீர்மானிக்கும். உள்பக்கத் திருகை நான் ஒன்றரைச் சுற்றுக் கழற்றிவிட்டேன். சத்தம் நின்றது. ஒன்பதாவது வளைவில் அவள் சின்னச் சக்கரத்துக்கு மாற்றியபோது, கூண்டு அளவுக்கு மேல் உள்ளே போய்ச் செயினைத் தள்ளிவிட்டது. அது சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் போய் இறுகிக்கொண்டது. அக்கா பஸ் ஸ்டாண்டில் காத்திருக்க, இவள் பின்னால் வந்த ஜீப்பில் போய் இறங்கினாள். நான் ஊரில் பட்டறையில் இருந்தேன். கேபிள் கோளாறு என்று சாதித்தேன். நான் திருகைப் பழையபடி இறுக்கியதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

இந்த வருடம் மறுபடி நாள் குறித்தாள். இந்த முறை நானும் மோட்டார் பைக்கில் பின்னால் வருவதாக ஏற்பாடு. முந்தின நாள் சனிக்கிழமை மத்தியானம் மில்லிலிருந்து நேராகப் பட்டறைக்கே சைக்கிளில் வந்து இறங்கினாள். முகம் வாடியிருந்தது.

"ஏனுங்க, மறுபடியும் உரசுதுங்க. பெரிய சக்கரத்துல போட்டா உரசுது. பத்து நாளா பாக்கறேன், இன்னைக்கு ரொம்ப மோசம்."

"அரை மணி நேரம் குடு அம்மணி" என்றேன். மோட்டார் தூக்குகிற செயின் பிளாக்கில் சைக்கிளைத் தொங்கவிட்டேன். இந்த முறை அவசரப்படவில்லை. கூண்டின் உயரத்தை அளந்தேன். சக்கரத்துக்கு நேர்கோட்டில் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். ஃபீலர் கேஜை எடுத்துச் செயினுக்கும் கூண்டுக்கும் நடுவில் நுழைத்து இடைவெளி பார்த்தேன். சைக்கிளுக்கு ஃபீலர் கேஜ் வைத்தவன் தமிழ்நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கையால் மிதியைச் சுற்றினேன். துளிச் சத்தம் இல்லை.

"எடுத்துட்டுப் போ" என்றேன், பரிசு கொடுக்கிற மாதிரி.

தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தாள். "உரசுதுங்க."

மறுபடி தொங்கவிட்டேன். மறுபடி சத்தம் இல்லை. மறுபடி ரோட்டில் உரசியது. இப்படி நான்கு முறை. தொங்கும்போது சாது, ஓடும்போது சண்டி. ஐந்தாவது முறை அவள் திரும்பி வந்து இறங்கியபோது எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. உனக்குக் காது சரியில்லை என்றேன். சரி, கூண்டையே விரித்துவிடுகிறேன் என்று பிளையரை எடுத்தேன்.

அவள் என் கையைப் பிடிக்கவில்லை, சத்தம் போடவுமில்லை. சைக்கிளை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இந்தச் சத்தத்தோட நாளைக்கு நான் ஏற மாட்டேனுங்க. அக்காவுக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லிப்போடறேன். ஜீப்புல இன்னொரு தடவை போய் இறங்க என்னால ஆகாது."

பிளையரைக் கீழே வைத்தேன். வெட்கமாக இருந்தது.

அவள் குனிந்து மிதியைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு கேட்டாள்: "நீங்க கூண்டையே பாக்கறீங்களே, அது நிக்கிற சாமான்தானுங்க? நிக்கிற சாமான்ல குத்தமிருந்தா எப்பவும் உரசோணும். இது விட்டு விட்டு உரசுது. நான் எண்ணிப்போட்டேன், மிதி ஒரு சுத்து சுத்துனா ஒரே ஒரு தடவை. அப்ப சுத்தற சாமான்லதான் குத்தம்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவளே சொன்னாள். மில்லில் நூலைக் கறுப்புப் பலகையில் சுற்றி வெளிச்சத்தில் பார்ப்பார்களாம். நூலில் மெலிசான இடம் எங்கெங்கோ வந்தால் பஞ்சைச் சந்தேகப்படுவார்கள். ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் பஞ்சைப் பார்க்கவே மாட்டார்கள், சுற்றுகிற உருளைகளில் எதற்கு ஓட்டம் சரியில்லை என்று தேடுவார்கள். பதினாறு வருடமாக அவள் செய்கிற வேலை அது. சாப்பாட்டு நேரத்தில் எத்தனையோ முறை சொல்லியிருப்பாள். நான் ரசத்தை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டியிருப்பேன்.

"அப்ப தொங்கவிட்டா ஏன் உரசலை?" என்றேன். மானம் போகாமல் இருக்க ஒரு கேள்வி.

"தொங்கறப்ப மிதிக்க யாரு இருக்கறா? பாரம் விழுந்தாத்தானுங்க தெரியும்."

சுவரோரம் சைக்கிளை நிறுத்தி ஏறி உட்கார்ந்தாள். ஒரு கையால் சுவரைப் பிடித்து, மறு கையால் பின் பிரேக்கை இறுக்கி, வலது மிதியை முழு பலத்தோடு அழுத்தினாள். "இப்ப பெரிய சக்கரத்தைப் பாருங்க" என்றாள். குனிந்து பார்த்தேன். அசைவில்லை. மிதியைக் கொஞ்சம் தள்ளி வைத்து மறுபடி அழுத்தினாள். அப்போதும் இல்லை. மூன்றாவது இடத்தில் அழுத்தியபோது சக்கரத்தின் ஒரு ஓரம் மெல்லப் பக்கவாட்டில் சாய்ந்து கூண்டைத் தொட்டது. சாய்ந்த இடத்தில் ஒரு போல்ட். மற்ற மூன்றும் கறுப்பு. இது மட்டும் வெள்ளி மாதிரி மின்னியது.

அது என் போல்ட்.

இரண்டு வாரத்துக்கு முன் அந்தச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளில் ஒன்று எங்கோ விழுந்துவிட்டது. கடைக்கா போவேன்? நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியில் போல்ட்டும், அது பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும் குழாய் மாதிரியான நட்டும் நானே கடைந்தேன். பலமாக இருக்கட்டும் என்று நட்டை அரை மில்லிமீட்டர் நீளமாகவே விட்டேன். அந்த அரை மில்லிமீட்டரால் போல்ட்டும் நட்டும் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டனவே தவிர, நடுவில் இருந்த சக்கரத்தை இறுக்கவே இல்லை. இத்தனை நேரம் அந்தப் போல்ட்டைத் தாண்டித்தான் கூண்டைக் குடைந்துகொண்டிருந்தேன். அழகாக வந்திருக்கிறது என்று நடுவில் ஒரு தடவை துடைத்தும் விட்டேன்.

நட்டைக் கழற்றி, லேத்தில் கொடுத்து, அரை மில்லிக்குக் கொஞ்சம் கூடவே சீவி எடுத்தேன். மாட்டி இறுக்கினேன். அவள் தெருமுனை வரை போய், அடுத்த தெருவுக்கும் போய், நிதானமாகத் திரும்பினாள். டிபன் பையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். அந்த முதுகைப் பார்த்தே தெரிந்துகொண்டேன், உரசவில்லை.

மறுநாள் விடியும்போது பொள்ளாச்சியிலிருந்து கிளம்பினாள். ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பித்தது. நான் பைக்கில் இருபது அடி பின்னால், ஸ்பேனர் பையை மடியில் வைத்துக்கொண்டு. ஒன்பதாவது வளைவில் அவள் சின்னச் சக்கரத்துக்கு மாற்றினாள். செயின் சத்தமில்லாமல் இறங்கி உட்கார்ந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நான் செயினைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்த்தேன். வேகம் ஒன்றும் இல்லை, நடக்கிறவர்களைவிடக் கொஞ்சம் அதிகம். ஆனால் முதல் வளைவில் எப்படி மிதித்தாளோ அப்படியேதான் முப்பதாவது வளைவிலும் மிதித்தாள். பஸ் ஹாரன் அடித்தால் ஒதுங்கிக் கொடுப்பாள், மறுபடி அதே தாளம். எனக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருடம். இவ்வளவு நேரம் தொடர்ந்து என் மனைவியை நான் பார்த்ததே இல்லை.

வால்பாறை பஸ் ஸ்டாண்டில் அவளுடைய அக்காவும் லைன் வீட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேரும் நின்றிருந்தார்கள். இவள் இறங்கி ஹேண்டில்பார் மேல் கவிழ்ந்து மூச்சு வாங்கினாள். அக்கா வந்து முதலில் குனிந்து அவள் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்தத் தடவ காலு ஏமாத்தலயே?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "போன வருசம் காலு முடியலன்னு ஜீப்புல வந்து நின்னா, மாப்பிள்ளை. மில்லுல நின்னு நின்னு இவ காலு போச்சுன்னு லைன்ல வருசம் பூரா பேசிக்கிட்டாங்க."

நான் இவளைப் பார்த்தேன். இவள் தண்ணீர் பாட்டிலைத் திறப்பதிலேயே கவனமாக இருந்தாள். என் காலால் ஏறினேன் என்று சொல்வதற்காகவே ஏறப் புறப்பட்டவள், என் திருகு வேலையை மறைப்பதற்காகத் தன் காலையே குறை சொல்லியிருக்கிறாள். ஒரு வருடமாக அந்தப் பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"காலுக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றேன். அத்தனை பேர் கேட்கும்படிதான் சொன்னேன். "போன வருசமே ஏறியிருப்பா. நான்தான் சைக்கிளைக் கெடுத்துப்போட்டேன். நேத்தும் நான்தான் கெடுத்து வெச்சிருந்தேன். சரி பண்ணுனது அவ."

இவள் பாட்டிலை மூடினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, மேலே ஏறி வந்ததற்கு அழாதவள், அக்கா தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.